பொங்கலுக்கு நீ வருமுன்

அன்பு மகளுக்கு,

தன்பாலீர்ப்பை ஒருவர் தனக்குள் எப்படிப் படிப்படியாக உணர்ந்துகொள்கிறார் என்று நீ வாட்ஸப்பில் அனுப்பிய கட்டுரையைக் கண்ணாடி போட்டுக்கொண்டு மெதுவாகப் படித்து முடித்தேன். உன் அண்ணன் மகளுக்கு அதைக் கொடுக்கலாமா என்று கேட்டிருந்தாய். இப்போது வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன், கோபப்படாமல் படி.

அவள் என்னிடம் சொன்னது கொஞ்சம்தான். புறவாசலில் சிறுகிழங்கைச் சாக்கில் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தோம். தலையைத் தூக்காமலே, "ஆச்சி, அந்தப் பிள்ளை ஒரு நாள் பேசலைன்னா எனக்குச் சோறு இறங்க மாட்டேங்கு. நானும் அத்தை மாதிரியா?" என்றாள். "உனக்கு எப்படித் தோணுது மக்கா?" என்று கேட்டேன். "தெரியல" என்றாள். அப்புறம் மண் போகாத கிழங்கைப் பற்றித்தான் பேச்சு. எழுந்து போகும்போது, அத்தையிடம் மட்டும் சொல்லலாம் என்றாள்.

அந்தத் 'தெரியல'வை நீ பயம் என்கிறாய். பயமும் இருக்கும், இல்லாமல் எப்படி? ஆனால் எனக்கு அது நேர்மையான பதிலாகவும் படுகிறது. உனக்குப் பெண்கள்மேல்தான் ஈர்ப்பு என்று பத்தாம் வகுப்பிலேயே தெளிவாகத் தெரிந்துவிட்டது என்பாய். அது உன் கதை.

கட்டுரையில் இருப்பது ஆஸ்திரேலிய உளவியலாளர் விவியன் காஸ் 1979இல் வகுத்த ஆறு நிலைகள். குழப்பம், ஒப்பிட்டுப் பார்த்தல், பொறுத்துக்கொள்ளல், ஏற்றல், பெருமிதம், கடைசியில் அதையும் தன்னில் ஒரு பகுதியாக இணைத்துக்கொள்ளல். அந்தக் காலத்துக்குப் பெரிய வேலைதான். அதற்கு ஆறு வருஷம் முன்னால், 1973இல்தானே அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து எடுக்கவே முடிவு செய்தது! ஆனால் பிளஸ் ஒன் படிக்கிற பிள்ளை கையில் இதைக் கொடுத்தால் மார்க் ஷீட் ஆக்கிவிடும். பள்ளிக்கூடத்திலேயே காலம் தள்ளியவள் சொல்கிறேன், நம்பு.

எல்லாரும் அப்படி வரிசையாக ஏறுவதுமில்லை. லிசா டயமண்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் 79 இளம்பெண்களைப் பத்து வருஷம் விடாமல் பேட்டி கண்டு 2008இல் எழுதினார். அதற்குள் மூன்றில் இரண்டு பங்குப் பேர் 'லெஸ்பியன்', 'பைசெக்சுவல்' என்று தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயரை ஒரு தடவையாவது மாற்றியிருந்தார்கள். சிலர் எந்தப் பெயரும் வேண்டாம் என்று விட்டிருந்தார்கள். இதை மட்டும் உன் மாமா காதில் போட்டுவிடாதே, "பாத்தியா, மாறும்லா" என்று பிடித்துக்கொள்வார். அவர்கள் வைத்துக்கொண்ட பெயர்தான் மாறியது. இழுத்து மாற்ற அடுத்தவரால் முடியும் என்பதற்கு அதில் ஆதாரம் கிடையாது.

பெண்பிள்ளைகளில் நிறையப் பேருக்கு இது ஒரு தோழி மேல் உயிராய் இருப்பதில்தான் தொடங்குகிறது என்பதையும் படித்தேன். நம்ம ஊரில் இரண்டு பிள்ளைகள் தோளில் கைபோட்டு ஜங்ஷன் முழுக்கச் சுற்றினாலும் யார் திரும்பிப் பார்க்கிறார்கள்? ஒரு பையனோடு பஸ் ஸ்டாப்பில் நின்றால்தான் அவள் வருவதற்கு முன்னால் செய்தி வீட்டுக்கு வந்துவிடும். அதனால் இவர்களுக்கு ஒரு நிழல் கிடைக்கிறது, அது நல்லதுதான். ஆனால் ஊர் கண்டுகொள்ளாத ஒன்றைத் தனக்குள்ளே எப்படி இனம் காண்பாள்? அவளுக்குத் தெரிந்த ஒரே ஆள் நீ. அதனால்தான் 'அத்தை மாதிரியா' என்று கேட்டாள். அப்படிப்பட்டவள் முன்னால் நீ "ஆமா" என்று சொல்லிவிட்டால் அதுவே முடிவாகிவிடும். "இல்லை" என்றாலும் அப்படித்தான்.

உன் அண்ணனிடம் நான் பேசவில்லை, அவள் சொல்லாமல் பேசவும் மாட்டேன். நாளை விஷயம் தெரிந்து டாக்டர், கோடாங்கி என்று யாராவது கிளம்பினால் அதைப் பார்த்துக்கொள்ள எனக்குத் தெம்பு இருக்கிறது. காதலித்துச் சேர்ந்து வாழப் பாதுகாப்புக் கேட்ட மதுரைப் பெண்கள் இருவரின் வழக்கில் 2021இல் சென்னை உயர் நீதிமன்றம் கொடுத்த உத்தரவை எடுத்து வைத்திருக்கிறேன். நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தனக்கே இது புரிய வேண்டும் என்று ஓர் உளவியலாளரிடம் போய் உட்கார்ந்து பேசினாராம். நீதிபதிக்கு இல்லாத கூச்சம் உன் அண்ணனுக்கு எதற்கு? இப்படி 'மாற்றுகிற' சிகிச்சை செய்யும் டாக்டர்மேல் தொழில் ஒழுங்கீனம் என்று நடவடிக்கை எடுக்கலாம் என 2022இல் தேசிய மருத்துவ ஆணையமும் சொல்லிவிட்டது.

ஆகவே நீ வந்து பாடம் எடுக்காதே. அவளை ஸ்கூட்டியில் குறுக்குத்துறைக்குக் கூட்டிப் போ. கேட்டால் உன் கதையைச் சொல்லு, உனக்குக் குழம்பிய நாட்களையும் சேர்த்துச் சொல்லு. கேட்காவிட்டால் ஆற்றில் காலை நனைத்துவிட்டு வந்துவிடுங்கள். உன்னோடு இருக்கிறவளையும் இந்தத் தடவை கூட்டி வா. நீங்கள் இருவரும் அடுப்படியில் உப்பு போதாது, புளி போதாது என்று சண்டை போடுவதைப் பிள்ளை பார்க்கட்டும். சொதி நான் வைக்கிறேன், இஞ்சிப் பச்சடிக்கு அவள் நறுக்கித் தரட்டும்.

நெல்லை எக்ஸ்பிரஸில் இடம் கிடைத்ததா இல்லையா? வெயிட்டிங் லிஸ்ட் என்றால் இப்போதே பஸ்ஸுக்குப் போட்டுவிடு, கடைசி நேரத்தில் ஆம்னிக்காரன் கேட்கிற காசைக் கொடுக்காதே.

அம்மா