அட்லஸ் வந்து சேர இன்னும் 39 பங்கு பாக்கி

அன்புடையீர்,

வணக்கம். நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறோம். 18-ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயக் கடலோடி கேப்டன் ஜேம்ஸ் குக்கின் மூன்றாவது கடற்பயண நூலோடு 1784-இல் வெளியான பெரிய அட்லஸ், அதாவது படங்களும் வரைபடங்களும் சேர்ந்த தொகுப்பு, ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. விற்பவர் வைத்திருக்கும் கெடு வரும் மாதம் 15-ஆம் தேதி. மொத்தச் செலவை 100 பங்காகப் பிரித்தோம். இன்றுவரை வந்தது 61. பாக்கி 39.

வந்ததில் 25 பங்கை முன்பணமாகக் கொடுத்தாயிற்று. கெடு தாண்டினால் அட்லஸும் கிடைக்காது, முன்பணமும் திரும்பாது. இப்படி ஓர் ஏற்பாட்டுக்கு ஏன் தலையாட்டினீர்கள் என்று சிலர் கோபப்பட்டார்கள். முன்பணம் இல்லாமல் ஒரு நாள்கூட நிறுத்திவைக்க மாட்டேன் என்று விற்பவர் சொல்லிவிட்டார். அதுதான் காரணம்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் பழங்கதை. நம் சேகரிப்பு ஒரே ஒரு புத்தகத்தில் தொடங்கியது. அதுவும் முழுசாக இல்லை. முன்னட்டை கிடையாது, முதுகுத்தோல் உரிந்து தையல் நூல் வெளியே தெரிந்தது. முதல் பயண நூலின் மூன்றாம் தொகுதி, 1773-இல் அச்சானது. எங்கள் மூத்தவர் ஒருவர் கழித்துக் கட்டிய காகிதக் கட்டுக்குள் இருந்து அதை எடுத்துவந்தார். மூன்று இருந்தால் ஒன்றும் இரண்டும் எங்கேயாவது இருக்குமே என்று நண்பர்கள் ஐந்து பேர் தேட ஆரம்பித்தார்கள். விற்பனைப் பட்டியல் தபாலில் வரும் காலம் அது. பட்டியலைப் படித்து, கடிதம் எழுதி, அது போய்ச் சேர்வதற்குள் புத்தகம் கைமாறியிருக்கும். இரண்டாம் தொகுதி சீக்கிரமே கிடைத்துவிட்டது. முதல் தொகுதி வந்த அன்று ஐவரில் இருவர் உயிரோடு இல்லை.

அந்த ஐவர் போட்ட அடித்தளத்தில்தான் இன்று எட்டுத் தொகுதிகள் நிற்கின்றன. முதல் பயணத்துக்கு மூன்று. அவை குக்கின் நாட்குறிப்பை வைத்து ஹாக்ஸ்வர்த் என்பவர் எழுதியவை. அதில் குக்குக்குத் திருப்தி இல்லை. அதனால் இரண்டாம் பயணத்தைத் தானே எழுதினார். அது இரண்டு தொகுதிகளாக 1777-இல் வந்தது. ஆனால் 1776 ஜூலையிலேயே அவர் மூன்றாம் பயணம் கிளம்பிவிட்டார். 1779 பிப்ரவரி 14 அன்று ஹவாயில் கொல்லப்பட்டார். தான் எழுதிய புத்தகத்தை அச்சில் பார்க்கவே இல்லை. எங்கள் பெரியவர்கள் இதைச் சொல்லும்போது குரல் இன்றும் கொஞ்சம் தழுதழுக்கும். மூன்றாம் பயணத்துக்கு மூன்று தொகுதிகள். கடைசித் தொகுதியை எழுதியவர் அந்தப் பயணத்தில் கூடப்போன அதிகாரி ஜேம்ஸ் கிங். வெளியான மூன்றே நாளில் விற்றுத் தீர்ந்த புத்தகம் அது.

எட்டும் ஒரே தட்டில் இருக்கின்றன. ஒன்பதாவதாக இருக்கவேண்டிய அட்லஸ்தான் இல்லை.

அது இல்லாவிட்டால் என்ன என்று கேட்பவர்களுக்கு: மூன்றாம் பயணத்தின் படங்களும் வரைபடங்களும் சேர்ந்து 87. அவற்றில் 24 மட்டுமே தொகுதிகளுக்குள் தைக்கப்பட்டவை. மீதி 63, அதாவது 61 படங்களும் 2 பெரிய வரைபடங்களும், அட்லஸில் இருக்கின்றன. பெரும்பாலானவை கப்பலில் கூடவே போன ஓவியர் ஜான் வெபர் வரைந்தவை. அட்லஸ் இல்லாமல் அந்த மூன்று தொகுதிகளைப் படிப்பது, வீடியோவை அணைத்துவிட்டுச் சத்தத்தை மட்டும் கேட்பது மாதிரி.

இவ்வளவு அரிதானதற்கு மனிதர்கள்தான் காரணம். பூச்சியைக் குறை சொல்ல முடியாது. அந்தக் காலத்துக் கந்தல்துணிக் காகிதம் 200 வருடம் தாண்டியும் வெள்ளையாக நிற்கும். ஆனால் அட்லஸைப் பிரித்து ஒவ்வொரு படமாகச் சட்டம் போட்டு விற்றால் முழுப் புத்தகத்தைவிட அதிகம் கிடைக்கும் என்பது சில வியாபாரிகளின் கணக்கு. கத்தி ஒன்று போதும். சில ஆண்டுகளுக்கு முன் இதே அட்லஸ் ஒன்று நம் கைக்கு எட்டியது. "அடுத்த கூட்டத்தில் பேசலாம்" என்று ஒரு வாரம் தள்ளிப்போட்டோம். அதற்குள் போய்விட்டது. அப்புறம் அதன் படங்கள் பட்டியல்களில் ஒவ்வொன்றாக வந்தன. நீண்ட தந்தமுள்ள கடல் விலங்கான வால்ரஸ், கூட்டமாகப் பனிமேல் படுத்திருக்கும் படத்தை மட்டும் வாங்க முடிந்தது. அடியில் 'கடல் குதிரைகள்' என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்கும். அன்றைக்கு வால்ரஸுக்கு அதுதான் பெயர். இடது ஓரத்தில் கத்தி கோணலாகப் போன தடம் இருக்கிறது. பார்க்காதவர்கள் ஒருமுறை வந்து பாருங்கள். வெட்கமாக இருக்கும், எங்களுக்கு இருப்பது போலவே.

இணையத்தில் எல்லாம் இலவசமாக இருக்கிறதே என்பது அடுத்த கேள்வி. இருக்கிறது, நாங்களும் பார்க்கிறோம். மடிப்பு வரைபடங்களை விரிக்காமலே ஸ்கேன் செய்த பிரதிகளையும் பார்த்திருக்கிறோம். அச்சிடும்போது செப்புத்தகடு தாளில் அழுத்திய பள்ளம் படத்தைச் சுற்றி விரலுக்குத் தட்டுப்படுமே, அது திரையில் எப்படி வரும்?

பிரதியைச் சரிபார்த்தாயிற்று. நம் ஆட்கள் இருவர் 63-ஐயும் எண் வரிசைப்படி பார்த்துவிட்டார்கள். கடைசி ஆறு தாள்களின் ஓரத்தில் ஈரக்கறை இருக்கிறது, படத்தைத் தொடவில்லை. குக் கொல்லப்படும் காட்சி இல்லையே, குறைப்பிரதியோ என்று ஒருவர் பதறினார். அந்தப் படம் தனியாக வெளியிடப்பட்டது. சில பிரதிகளில்தான் சேர்த்துத் தைத்திருப்பார்கள். பதற வேண்டாம்.

கணக்கு இதோ. அட்லஸுக்கு 84 பங்கு. கொண்டுவரவும் காப்பீட்டுக்கும் 9. அமிலமில்லாத அட்டைப்பெட்டிக்கும் தாளுக்கும் 7. இதில் குறைக்க ஏதுமில்லை. பெட்டி பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற யோசனையைக் குழு ஏற்கவில்லை. இவ்வளவு பெரிய புத்தகத்தை நிற்கவைத்தால் தன் எடையாலேயே தையல் விட்டுவிடும், படுக்கவைக்கத்தான் வேண்டும்.

இதுவரை கொடுத்த 34 பேருக்கும் கைகூப்பி நன்றி. குறிப்பாக, பென்ஷன் வந்த மறுநாளே மாதம் தவறாமல் அரைப் பங்கு அனுப்பும் ஓய்வுபெற்ற ஆசிரியை. நாங்கள் மறந்தாலும் அவர் மறந்ததில்லை. நம் சேகரிப்பு தொடங்கிய அந்த மூன்றாம் தொகுதியின் முதுகை ஜப்பானியத் தாளும் மாவுப் பசையும் வைத்துச் சீராக்கி, கூலி என்று ஒரு பைசா வாங்காத பைண்டிங்காரர். கணவர் போன பிறகு அவர் சேர்த்த ஜார்ஜ் ஃபோர்ஸ்டர் நூலை, 1777 பதிப்பை, துணியில் சுற்றி எடுத்துவந்து கொடுத்த அம்மா. இரண்டாம் பயணத்தில் கூடப்போன இளைஞர் எழுதியது அது. குக்கின் நூலுக்குச் சுமார் ஆறு வாரம் முந்திக்கொண்டு வந்தது. படங்கள் குக்குக்குப் போய்விட்டதால் படமே இல்லாமல் வந்தது. எங்கள் பெரியவர்கள் இருவர் குக்கைவிட ஃபோர்ஸ்டரே மேல் என்பார்கள். அந்தச் சண்டை இருக்கட்டும். பெயர் வேண்டாம் என்று சொல்லி ஐந்து பங்கு கொடுத்தவரே, இறைவன் உங்களை நலமாக வைக்கட்டும்.

இனி சொல்லக் கூச்சமாக இருப்பது. அட்லஸை வாங்கலாமா என்று கூட்டத்தில் கேட்டபோது கை தூக்கியவர்கள் 52 பேர். பங்கு கட்டியவர்கள் 34. மிச்சம் 18 பேர் யார் என்று இங்கே எழுதப்போவதில்லை, அவரவருக்குத் தெரியும். முடியாதவர்களை யாரும் கேட்கவில்லை. முடிந்தும் மறந்தவர்களுக்குத்தான் இந்த நினைவூட்டல். ஆளுக்கு இரண்டு பங்கு என்றால் 36. மீதி மூன்றைக் குழுவே போட்டுவிடும்.

கடவுள் பார்த்துக்கொள்வார் என்று மூத்தவர் சொல்கிறார். நாங்களும் நம்புகிறோம். பொருளாளர் மட்டும், "பார்த்துக்கொள்ளட்டும், 12-ஆம் தேதிக்குள் பார்த்துக்கொண்டால் நல்லது" என்கிறார். பணம் போய்ச்சேர மூன்று நாள் ஆகுமாம். ஆகவே 12-க்குள் அவரிடம் கட்டி ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். அரைப் பங்கு, கால் பங்கும் ஏற்கப்படும்.

இப்படிக்கு,
கடற்பயண நூல் சேகரிப்புக் குழு

பி.கு.: அட்லஸ் வந்ததும் முதல் நாள் பார்வை பங்கு கட்டிய அனைவருக்கும் உண்டு. கையுறை தேவையில்லை, அது தாளைக் கிழிக்கும். கையைக் கழுவி நன்றாகத் துடைத்துக்கொண்டு வந்தால் போதும்.