ஷெஃபீல்டில் பதிவான ஒரு பாட்டைப் பற்றி

அன்புள்ள ஞானராஜுக்கு,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. பேத்திக்குப் பெயர் சூட்டிய செய்தியும், ஆலயப் பாடகர் குழுவின் பொறுப்பை இளையவர் ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு இனி ஞாயிறு ஆராதனைக்குக் கீபோர்டு வாசிப்பதோடு நிறுத்திக்கொள்ளப் போகிறாய் என்ற செய்தியும் மகிழ்ச்சி தந்தன. இங்கே எல்லோரும் நலம். மூட்டுவலி மட்டும் என்னை விட்டுப் போவதாக இல்லை. மாடிப்படி ஏறுவதைக் குறைத்துக்கொண்டு, சோல் எனப்படும் பழைய அமெரிக்கக் கறுப்பின இசைப் பாடல்களைக் கேட்பதிலும் அவற்றைப் பற்றிப் படிப்பதிலும் பொழுதைக் கழிக்கிறேன்.

மருமகனின் காரில் பெர்சி ஸ்லெட்ஜ் பாடிய 'வென் எ மேன் லவ்ஸ் எ உமன்' பாட்டைக் கேட்டதாக எழுதியிருந்தாய். அந்த ஆர்கனை வாசித்தவர் யார் என்று கேட்டிருந்தாய். இந்த ஒரு பாட்டை வைத்தே பாடியவர் பெரும் செல்வந்தராகியிருப்பாரே என்றும் எழுதியிருந்தாய். ஆர்கன் வாசித்தவர் ஸ்பூனர் ஓல்டம். செல்வத்தைப் பற்றி நீ நினைத்தது நடக்கவில்லை. அது ஏன் என்று சொல்வதற்குப் பாட்டு பிறந்த கதையைத் தொடக்கத்திலிருந்தே சொல்ல வேண்டும்.

அலபாமா மாநிலத்தின் வடமேற்கு மூலையில், டென்னசி ஆற்றின் இரு கரைகளிலும் ஃபிளாரன்ஸ், ஷெஃபீல்டு, டஸ்கம்பியா, மஸல் ஷோல்ஸ் என்று நான்கு சிற்றூர்கள் ஒன்றையொன்று ஒட்டிக் கிடக்கின்றன. அவற்றுக்கு அருகிலுள்ள லெய்ட்டனில் 1940-இல் பிறந்தவர் பெர்சி ஸ்லெட்ஜ். பருத்திக் காட்டில் வேலை செய்து வளர்ந்தவர். 1960-களின் நடுவில் ஷெஃபீல்டில் இருந்த கோல்பர்ட் கவுன்டி மருத்துவமனையில் வார்டுபாயாக வேலை பார்த்துக்கொண்டு, வார இறுதிகளில் எஸ்குயர்ஸ் காம்போ என்ற குழுவோடு கல்லூரி விருந்துகளிலும் கிளப்புகளிலும் பாடி வந்தார். அந்தக் காலத்தில் காதலி தன்னை விட்டுப் போனதாகவும், ஓர் இரவு மேடையில் துக்கம் தாளாமல், குழுவின் பேஸ் கிதார் கலைஞர் கால்வின் லூயிஸையும் ஆர்கன் கலைஞர் ஆண்ட்ரூ ரைட்டையும் ஏதாவது மெதுவாக வாசிக்கச் சொல்லிவிட்டு, 'ஏன் என்னை விட்டுப் போனாய்' என்ற பொருளில் வாய்க்கு வந்ததைப் பாடியதாகவும் அவர் பின்னாளில் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். மெட்டு அதற்கும் முன்பே, பருத்திக் காட்டில் முனகித் திரிந்த காலத்திலேயே, தன்னிடம் இருந்ததென்பதும் அவர் சொன்னதுதான்.

மருத்துவமனையில் நோயாளியாக இருந்த ஒருவர் மூலம் அவருக்குக் குவின் ஐவியின் அறிமுகம் கிடைத்தது. ஐவி உள்ளூர் வானொலி அறிவிப்பாளர்; ஷெஃபீல்டில் இசைத்தட்டுக் கடையும் நொராலா என்ற பெயரில் ஒரு சிறிய ஒலிப்பதிவுக் கூடமும் வைத்திருந்தார். மெட்டு அவருக்குப் பிடித்துவிட்டது. ஆனால் பிரிந்து போனவளை நோக்கிய புலம்பலாக இருந்த வரிகளை மாற்றியெழுதச் சொன்னார். இந்தப் பாட்டின் கதையில் மிகக் குறைவாகப் பேசப்படும் முடிவு இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. கைவிடப்பட்டவனின் புலம்பலாகவே வெளிவந்திருந்தால், அந்த ஆண்டு வந்த எத்தனையோ பாடல்களோடு ஒன்றாக அதுவும் போயிருக்கும்.

மாற்றியபின் வந்த வரிகளைக் கவனித்துக் கேள். ஓர் ஆண் ஒரு பெண்ணை நேசித்தால் இப்படித்தான் இருப்பான், அவளுக்காகக் கையில் உள்ளதையெல்லாம் செலவழிப்பான், அவளைக் குறை சொன்னால் உற்ற நண்பனையும் உதறுவான், அவள் சொன்னால் மழையிலும் படுத்துக் கிடப்பான் என்று ஊரில் யாருக்கோ நடப்பதைப் போலப் படர்க்கையில் சொல்லிக்கொண்டே வருகிறார். பிறகு நடுவில் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் 'இந்த மனிதன் உன்னை நேசிக்கிறான்' என்று அவளை நேரடியாக விளித்துவிடுகிறார். பொதுவாகச் சொன்னதெல்லாம் தன் கதைதான் என்பதை மறைக்க முடியாமல் போகும் அந்த ஓர் இடத்தில்தான் குரலும் உடைகிறது. உடனே சமாளித்துக்கொண்டு மறுபடி பொதுப் பேச்சுக்குத் திரும்புகிறார். முடிவில் மீண்டும் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடுகிறார்.

1966-இன் தொடக்கத்தில் பதிவு நடந்தது. ஐவியோடு சேர்ந்து தயாரிப்பைக் கவனித்தவர் மார்லின் கிரீன். கிதார் வாசித்தவரும் அவரே. டிரம்ஸ் ரோஜர் ஹாக்கின்ஸ், அப்போது அவருக்கு இருபது வயது. ஒலிப்பதிவுப் பொறியாளர் ஜிம்மி ஜான்சன். இவர்கள் எல்லோரும் வெள்ளையர்கள். நிறவெறிச் சட்டங்களின் பிடி அப்போதுதான் தளரத் தொடங்கியிருந்த அலபாமாவில், கறுப்பர்கள் வாக்களிக்கும் உரிமைக்காக செல்மாவிலிருந்து மான்ட்காமரிக்கு நடந்து ஓராண்டுகூட நிறைவடையாத நேரத்தில், ஒரு கறுப்பினப் பாடகரும் இந்த இளைஞர்களும் ஒரே அறையில் நின்று இதைச் செய்தார்கள். அதைப் பெரிய சமத்துவக் காட்சியாகச் சித்திரிப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. அறைக்குள் எல்லோரும் இசைக் கலைஞர்களாக இருந்தார்கள் என்பது உண்மை. கூடமும் ஒப்பந்தத் தாள்களும் யார் கையில் இருந்தன என்பதும் உண்மை.

நீ கேட்ட ஆர்கனுக்கு வருகிறேன். ஓல்டம் வாசித்தது ஃபார்ஃபிசா என்ற இத்தாலியத் தயாரிப்பு. நடனக் குழுக்கள் தூக்கிச் செல்வதற்கு ஏற்றபடி செய்யப்பட்ட, கொஞ்சம் மூக்கால் பேசுவது போன்ற மெல்லிய ஒலியுடைய கருவி. பெரிய தேவாலயக் குழாய் ஆர்கனின் கனம் அதற்குக் கிடையாது. ஆனால் ஓல்டம் அதில் அலங்காரமாக எதையும் வாசிக்கவில்லை. விரலை எடுக்காமல் நீட்டிப் பிடித்த சுரக்கூட்டுகள், ஒன்றிலிருந்து அடுத்ததற்கு ஒரு விரலோ இரண்டு விரலோ நகர்ந்தால் போதும் என்கிற அளவுக்கு அடக்கம். காணிக்கை எடுக்கும் நேரத்தில் நீ வாசிப்பாயே, அந்தப் பாணி. அடியில் பேஸ் மட்டும் படிப்படியாக இறங்கிக்கொண்டே போகிறது. நம் கணக்கில் சொன்னால் ஸ, நி, த, ப, ம என்ற இறக்கம், பிறகு பஞ்சமத்தைத் தொட்டுவிட்டு மேல் ஸட்ஜத்துக்குத் திரும்புதல். தாளம் ஒவ்வொரு தட்டும் மூன்றாகப் பிரியும் திஸ்ர நடை. ஹாக்கின்ஸ் அதை எந்த இடத்திலும் முடுக்குவதில்லை. கீழே எல்லாம் நிதானமாக இறங்கிக்கொண்டிருக்க, ஸ்லெட்ஜ் முதல் சொல்லையே உச்சத்தில் எடுக்கிறார். வழக்கமாக மெல்லத் தொடங்கி மேலே ஏறிச் செல்லும் மெட்டுகளுக்குப் பழகிய காதுக்கு இது அதிர்ச்சி. இனி எங்கே போவார் என்று நாம் நினைக்கும்போது, அவர் எங்கும் போகாமல் அங்கேயே நின்று மூன்று நிமிடத்துக்குள் பாட்டை முடித்துவிடுகிறார்.

அக்கம்பக்கத்தில் ஃபேம் என்ற ஒலிப்பதிவுக் கூடத்தை நடத்தி வந்த ரிக் ஹால், நியூயார்க்கில் அட்லாண்டிக் என்ற இசைத்தட்டு நிறுவனத்தின் ஜெர்ரி வெக்ஸ்லரைத் தொலைபேசியில் அழைத்து இந்தப் பாட்டைப் பற்றிச் சொன்னார். தரகாக அவருக்கும் ஒரு சிறு பங்கு கிடைத்தது. வெக்ஸ்லர் சாதாரண ஆள் இல்லை. பில்போர்டு என்ற இசை வணிகப் பத்திரிகையில் இருந்த நாளில், அதன் கறுப்பின இசைப் பட்டியலுக்கு 'ரிதம் அண்ட் புளூஸ்' என்ற பெயரையே சூட்டியவர். பாட்டு பிடித்திருந்தாலும், பிற்பகுதியில் வரும் ஊதுகருவிகள் சுருதி சேரவில்லை, அவற்றைத் திரும்பப் பதிவு செய்யுங்கள் என்று அவர் சொன்னதாகவும், அவ்வாறே செய்து அனுப்பிய பிறகும் நிறுவனத்தில் யாரோ தவறுதலாகப் பழைய நாடாவையே அச்சுக்குக் கொடுத்துவிட்டதாகவும் அந்த வட்டாரத்தில் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள். நீ மறுபடி கேட்கும்போது முடிவுப் பகுதியில் காதைக் கொடுத்துப் பார். ஊதுகருவிகள் சற்றே பிசகியிருப்பது உனக்குக் கட்டாயம் தெரியும். பாடகர் குழுவில் அரைச் சுரம் தவறினாலும் முகத்தைச் சுளிக்கும் உன்னிடம் இதைச் சொல்லவே தயக்கமாக இருக்கிறது; ஆனாலும் அந்தப் பிசகைத் திருத்தாததே நல்லது என்பது என் கட்சி. அந்த நேரத்தில் பாடுபவனின் குரல் இருக்கும் நிலைக்குப் பின்னால் பளபளப்பாகச் சேர்ந்து ஒலிக்கும் கருவிகள் வந்திருந்தால் ஒட்டியிருக்காது.

1966 மே 28 தேதியிட்ட பில்போர்டு பட்டியலில் பாட்டு அமெரிக்காவின் முதலிடத்துக்கு வந்து இரண்டு வாரம் அங்கே இருந்தது. கறுப்பின இசைக்கான பட்டியலிலும் முதலிடம். பிரிட்டனில் நான்காவது இடம். அந்த ஆற்றங்கரை ஊர்களில் பதிவாகி நாடளவில் முதலிடம் பிடித்த முதல் பாட்டு அதுதான். வெக்ஸ்லர் தன் பாடகர்களை அந்த ஊருக்கு அழைத்து வரத் தொடங்கினார். அதே ஆண்டில் வில்சன் பிக்கெட், 1967 ஜனவரியில் அரீதா ஃபிராங்க்ளின். ஹாக்கின்ஸும் ஜான்சனும் மற்ற இரண்டு கலைஞர்களும் சேர்ந்து 1969-இல் ஷெஃபீல்டில் சொந்தமாகவே ஒரு கூடம் தொடங்கினார்கள். ஐவி, ஹால், வெக்ஸ்லர், வாத்தியக்காரர்கள் என்று அந்தப் பாட்டைத் தொட்டவர்களில் பெரும்பாலோருக்கு அது வாசலைத் திறந்துவிட்டது.

இனி நீ எழுதிய செல்வத்தின் கதை. இசைத்தட்டில் பாட்டை எழுதியவர்களாக அச்சானவை கால்வின் லூயிஸ், ஆண்ட்ரூ ரைட் என்ற இரண்டு பெயர்கள்தான். அன்று மேடையில் தனக்குத் துணை நின்ற நன்றிக்காகப் பாட்டை அவர்களுக்கே கொடுத்துவிட்டதாக ஸ்லெட்ஜ் சொல்லி வந்தார். இது ஒரு தரப்பின் கூற்று என்பதை மறந்துவிடக் கூடாது. மெட்டு உருவான இடத்தில் மூவரும் இருந்திருக்கிறார்கள், மற்ற இருவரின் பங்கை நாம் இங்கிருந்து அளக்க முடியாது. ஆனால் அந்தக் கொடையின் விளைவை அளக்க முடியும். அமெரிக்கச் சட்டப்படி சாதாரண வானொலியில் ஒரு பாட்டு ஒலிபரப்பானால் எழுதியவருக்கும் பதிப்புரிமை வைத்திருப்பவருக்கும் தொகை போகும். பாடியவருக்கு ஒரு காசும் கிடையாது. இன்றைக்கும் அங்கே நிலைமை இதுதான். அதாவது, 1966 தொடங்கி அமெரிக்காவின் எந்த மூலையில் எந்த வானொலி நிலையம் அந்தக் குரலை ஒலிக்கவிட்டாலும், அந்தக் குரலுக்கு உரியவருக்கு அதிலிருந்து வருமானம் இல்லை.

பாட்டு அத்தோடு ஓய்ந்திருந்தால்கூடப் பரவாயில்லை. 1987-இல் ஜீன்ஸ் விளம்பரம் ஒன்றில் இடம்பெற்றதும் பிரிட்டனில் மறுபடி வெளியாகி இரண்டாவது இடம்வரை போனது. முதல் வெளியீட்டில் எட்டாத உயரம். 1991-இல் மைக்கேல் போல்டன் அதைப் புதிதாகப் பாடி அமெரிக்காவில் மீண்டும் முதலிடத்துக்குக் கொண்டு சென்றார், கிராமி விருதும் வாங்கினார். எழுதியவராகப் பெயர் இருந்திருந்தால், வேறொருவர் பாடி விற்ற அத்தனை இசைத்தட்டுகளிலும் ஸ்லெட்ஜுக்குப் பங்கு வந்திருக்கும். போல்டனின் பதிப்பை நான் குறை சொல்லப் போவதில்லை, நன்றாகப் பயிற்சி பெற்ற குரல்தான்; ஆனால் ஏற வேண்டிய இடமெல்லாம் ஏறி, இறங்க வேண்டிய இடமெல்லாம் இறங்கி, எல்லாம் திட்டமிட்டபடி நடக்கிறது. உனக்கு அதுதான் பிடிக்கும் என்றால் எழுது, சண்டை போடலாம்.

பாட்டைக் கொடுத்ததில் தனக்குக் கசப்பில்லை என்றும், ஆனால் அது தன் பிள்ளைகளுக்குச் சேர வேண்டியதைக் கைவிட்ட முடிவு என்றும் ஸ்லெட்ஜ் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். வேறு நல்ல பாடல்களும் அவருக்கு அமைந்தன. 1968-இல் ஒன்று அமெரிக்கப் பட்டியலில் பதினொன்றாவது இடம்வரை வந்தது. ஆனாலும் கச்சேரிக்குக் கச்சேரி மக்கள் காத்திருந்தது இந்த ஒன்றுக்காகத்தான். அமெரிக்கா, ஐரோப்பா, தென்னாப்பிரிக்கா என்று பல்லாண்டுகள் ஊர் ஊராகப் போய் அதைப் பாடித்தான் பிழைத்தார். 2005-இல் ராக் அண்ட் ரோல் புகழ் மண்டபத்தில் அவர் பெயரைச் சேர்த்தார்கள். 2015 ஏப்ரலில் லூசியானா மாநிலத்தில், பேட்டன் ரூஜில் காலமானார்.

உனக்கு வாசித்துப் பார்க்கும் ஆசை இருக்கும் என்று தெரியும். எளிய சுருதியில் சுரக்கூட்டுகளைத் தனித்தாளில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். வலது கையை நகர்த்தாமல் இடது கையை மட்டும் இறக்கிக்கொண்டு வா. கீபோர்டில் குழாய் ஆர்கன் ஒலியைத் தேர்ந்தெடுக்காதே, கனம் கூடிவிடும், மெல்லிய பழைய ஆர்கன் ஒலி ஏதேனும் இருந்தால் அதை வை. வேகம் எவ்வளவு என்று சந்தேகம் வந்தால் நீ நினைப்பதைவிட இன்னும் கொஞ்சம் குறைத்துக்கொள். மருமகனைப் பாடச் சொல்லிப் பார்த்துவிட்டு எப்படி வந்தது என்று எழுது. பேத்தியின் படம் ஒன்றையும் அனுப்பு. வீட்டில் உள்ள எல்லோருக்கும் எங்கள் அன்பைச் சொல்.

அன்புடன்,
சிவசுப்பிரமணியன்