கயல் கையெழுத்துப் போடும் முன்

அன்புள்ள மங்கை,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. திட்டுவதென்றால் திட்டிக்கொள். கண்பார்வையை அளக்கும் ஆப்டோமெட்ரி படித்த கயல், கண்ணாடிக் கடை வேலையா கண் ஆஸ்பத்திரி வேலையா என்று இந்த வாரத்துக்குள் முடிவு சொல்லியாக வேண்டும் என்று எழுதியிருக்கிறாய், அதனால் இனியும் தள்ளிப்போட முடியாது. இங்கே எல்லாரும் நலம். ரமணிக்குப் பேரன் பிறந்திருக்கிறான். மூக்கு அப்படியே தாத்தா மூக்குதான், நினைத்துச் சிரித்துக்கொள்.

முதலில் உன்னோடு ஒரு சண்டை. "டாக்டரும் இல்லாமல், கடைக்காரியும் இல்லாமல் நடுவில் நிற்கிறாள்" என்று எழுதியிருக்கிறாயே, அந்த நடுவில்தானடி வேலையே இருக்கிறது. கண்புரை அறுவைக்கு முன் கண்ணின் நீளத்தை அளப்பவர் 1 மி.மீ. தவறினால், உள்ளே வைக்கும் லென்ஸின் பவர் ஏறக்குறைய இரண்டரை முதல் மூன்று வரை தவறிவிடும். கண்ணைத் தொட்டு அளக்கும் ஏ-ஸ்கேனில் முனையைக் கருவிழிமேல் கொஞ்சம் அழுத்தினாலே கண் குட்டையாகத் தெரியும். கணக்கு கூடுதல் பவர் லென்ஸைக் காட்டும். அறுவை நன்றாகவே முடிந்திருக்கும், ஆனால் நோயாளி கிட்டப்பார்வையோடு எழுந்து உட்காருவார். சர்ஜன் கை எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் இதைச் சரிசெய்ய முடியாது. அளப்பவள் கை சுத்தமாக இருக்க வேண்டும்.

ஆள் தேவையில்லையோ என்ற பயமும் வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட பார்வை அறிக்கையின்படி குறைந்தது 220 கோடிப் பேருக்குப் பார்வைக் குறைபாடு இருக்கிறது. அதில் குறைந்தது 100 கோடிப் பேருடையது தடுத்திருக்கக்கூடியது, அல்லது இன்னும் யாரும் கவனிக்காதது. பெரும்பங்குக்கு ஒரு சரியான கண்ணாடியும் கண்புரை அறுவையும் போதும்.

இப்போது கயலின் இரண்டு வேலைகள். கடையில் சம்பளம் கூட, ஆஸ்பத்திரியில் குறைவு, அவ்வளவுதான் நீ எழுதியிருக்கிறாய். நான் பார்ப்பது வேறு: முதல் இரண்டு வருஷத்தில் அவள் கை எதன்மேல் படும், அவள் செய்ததை யார் திரும்பச் சரிபார்ப்பார்கள். என் கவலை எல்லாம் இதில்தான். 'ஆப்டோமெட்ரிஸ்ட்' என்று அட்டை மாட்டிவிட்டு, பவரைத் தானே கணிக்கும் ஆட்டோ ரெஃப்ராக்டர் மெஷின் துப்பும் சீட்டை அப்படியே எழுதிக் கொடுத்து, மீதி நேரம் ஃபிரேம் விற்கச் சொல்லும் இடங்கள் நிறைய. அங்கே இரண்டு வருஷம் உட்கார்ந்தால் கண்ணுக்குள் ஒளி பாய்ச்சி நாமே பவர் பார்க்கும் ரெட்டினோஸ்கோப்பைப் பிடித்த கை மறந்துவிடும். குழந்தையை அந்த மெஷின் முன் உட்கார வைத்தால் அது உள்ளே தெரியும் படத்தை உற்றுப் பார்த்து, கிட்டப் பொருளைப் பார்ப்பதுபோலக் கண்ணை முடுக்கும், மைனஸ் கூடுதலாக வரும். சொட்டு மருந்து போட்டு, கண்ணைத் தளரவிட்டு, ரெட்டினோஸ்கோப்பில் பார்த்தால்தான் உண்மை தெரியும். அந்தப் பழக்கம் இல்லாதவள் தேவையில்லாத மைனஸ் கண்ணாடியை ஒரு பிள்ளைமேல் ஏற்றிவிடுவாள்.

கடை என்றாலே மட்டம் என்று நான் சொல்லவில்லை. நல்ல கடையும் உண்டு, ஆள் வளராத ஆஸ்பத்திரியும் உண்டு. கயலை நேரில் போய்ப் பரிசோதனை அறையைப் பார்க்கச் சொல். 6 மீட்டருக்கான எழுத்துப் பலகையை 3 மீட்டர் அறையில் முகம் பார்க்கும் கண்ணாடி வைத்துத் தூரத்தைக் கூட்டாமல் நேராக மாட்டியிருந்தால், எழுத்து இரண்டு மடங்கு பெரிதாகத் தெரியும். மங்கலான 6/12 பார்வைக்காரரும் நல்ல பார்வைக்கான 6/6 வரியைப் படித்துவிடுவார். போதாததற்கு பவரிலும் கொஞ்சம் பிளஸ் கூடிப்போகும். இதைக் கவனிக்காத இடத்தில் வேறெதைக் கவனிக்கப் போகிறார்கள்? ரெட்டினோஸ்கோப் இருக்கிறதா, சார்ஜ் இருக்கிறதா, கண்ணைப் பெரிதாக்கிப் பார்க்கும் ஸ்லிட் லாம்ப் இருக்கிறதா, அதன்மேல் தூசி படிந்திருக்கிறதா என்று பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

பிறகு கூச்சப்படாமல் கேட்கட்டும். ஒரு நாளைக்கு எத்தனை பேர், ஒருவருக்கு எத்தனை நிமிடம்? விற்பனை இலக்கு உண்டா, அது சம்பளத்தோடு கட்டப்பட்டதா? கான்டாக்ட் லென்ஸ், குழந்தைகள், குளுக்கோமா (கண் அழுத்த நோய்), லோ விஷன் (கண்ணாடியாலும் தீராத குறைபார்வை) என்று பிரிவு மாற்றி உட்கார வைப்பார்களா, எத்தனை மாதத்துக்கு ஒரு முறை? கண்ணாடி சரியில்லை என்று திரும்பி வருபவரை யார் பார்ப்பார்கள்? கடைசிக் கேள்விதான் முக்கியம். திரும்பி வரும் கண்ணாடிபோலக் கற்றுக்கொடுக்கும் வாத்தியார் கிடையாது. பவர் சரியாகவே இருக்கும், லென்ஸின் மையம் நகர்ந்திருக்கும். 5 பவர் லென்ஸில் 4 மி.மீ. நகர்ந்தால் 2 பிரிஸம் உண்டாகி, பார்ப்பது இடம் தள்ளித் தெரிகிறது. தலைவலி வராமல் என்ன செய்யும்? தூரமும் கிட்டமும் ஒரே லென்ஸில் தெரியும் புரோகிரசிவ் லென்ஸ் என்றால் ஃபிரேமை முகத்தில் சரியாக உட்கார வைத்து வளைத்த பிறகுதான் உயரம் அளக்க வேண்டும். அளந்த பிறகு மூக்குப் பட்டையைத் திருகினால் எல்லாம் போச்சு.

ஒப்பந்தத்தை வரிவரியாகப் படிக்கட்டும். அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்வோம் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடு, நகல் போதும். நடுவில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும், பயிற்சிக் காலமும் அந்தக் கணக்கில் சேருமா என்பது எழுத்தில் இருக்க வேண்டும். வெளிநாடு என்று யாராவது ஏஜென்ட் வந்தால், அந்த நாட்டின் உரிமத் தேர்வு விதிகளை அந்த வாரியத்திடமே நேரடியாகக் கேட்ட பிறகுதான் பணத்தைப் பற்றிப் பேச்சு.

அவள் அனுப்பிய சுயவிவரத்தையும் பார்த்தேன். "கடின உழைப்பாளி, குழுவோடு இணைந்து செயல்படுவேன்" என்று அரைப் பக்கம்! அதை அடித்துவிடச் சொல். யாருக்கும் அது தேவையில்லை. தானே பவர் பார்த்துச் செய்த ரெஃப்ராக்‌ஷன் எத்தனை, சொட்டு மருந்து போட்டுக் குழந்தைகளுக்குச் செய்தது எத்தனை, பொருத்திய கான்டாக்ட் லென்ஸ் எத்தனை, எந்தக் கருவியைத் தனியாக இயக்குவாள் என்று எழுதட்டும். பக்கத்தில் நின்று பார்த்ததைச் 'செய்தேன்' என்று எழுதவே கூடாது, நேர்முகத்தில் இரண்டே கேள்வியில் பிடித்துவிடுவார்கள். மேற்பார்வையாளர் கையெழுத்திட்ட பதிவேடு இருந்தால் அதைக் கையோடு கொண்டு போகட்டும்.

நேர்முகத்தில் கையில் கருவியைக் கொடுத்துவிடுவார்கள். கண்ணாடியின் பவரை அளக்கும் லென்சோமீட்டரில் முதலில் தன் கண்ணுக்கு ஐபீஸைச் சரிசெய்கிறாளா என்று பார்ப்பார்கள், பலரும் அதை விட்டுவிடுவார்கள். +1.00 / −2.00 × 90 என்ற கண்ணாடி பவரை, அளவு மாறாமல் வேறு வடிவில் எழுதச் சொன்னால் −1.00 / +2.00 × 180 என்று யோசிக்காமல் வர வேண்டும். ரெட்டினோஸ்கோப்பில் நோயாளியிடமிருந்து 66 செ.மீ. தூரத்தில் உட்கார்ந்து, வந்த பவரில் 1.50 கழிக்கிறோம். நேரமாக ஆக உடம்பு முன்னால் சாய்ந்து 50 செ.மீ. ஆகிவிடும்; அப்போதும் 1.50 மட்டும் கழித்தால் 0.50 பிளஸ் கூடுதலாக நிற்கும். ஒரு கயிறு கட்டித் தூரம் பழகச் சொல். கண் அழுத்தம் பார்க்கும்போது கண்ணில் விடும் சாயம் அதிகமானால் கருவியில் தெரியும் வளையம் தடித்து அளவு கூடுதலாகக் காட்டும், இதையும் கேட்பார்கள்.

கம்ப்யூட்டரே கண்ணைப் பார்த்துவிட்டால் இந்த வேலை எதற்கு என்று உன் மச்சினர் கேட்டதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். 2018இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. ஒரு மென்பொருளுக்கு அனுமதி கொடுத்தது. சர்க்கரை நோயால் விழித்திரை கெட்டிருக்கிறதா என்று டாக்டர் இல்லாமலே சொல்லும். உண்மைதான். ஆனால் அது பதில் சொல்லும் கேள்வி அந்த ஒன்றுதான். கண்ணின் பாப்பா சுருங்கியிருந்தாலோ புரை மறைத்தாலோ படம் மங்கிவிடும், மென்பொருள் கைவிரித்துவிடும். தெளிவான படம் எடுக்கத் தெரிந்தவளுக்கு இனி மதிப்பு கூடத்தான் போகிறது.

வேறு வழிகளும் இருக்கின்றன: லென்ஸ் கம்பெனிகளில் பயிற்றுநர், கண் வங்கி, மாறுகண் சிகிச்சை, செயற்கைக் கண் செய்பவர். மருந்து ஆய்வுகளில் பார்வை அளப்பவர் வேலை கயலுக்குப் பொருந்தும் என்று எனக்குத் தோன்றுகிறது. அங்கே பலகையை 4 மீட்டரில் வைத்து, வரிக்கு 5 எழுத்து, ஒவ்வொரு எழுத்துக்கும் கணக்கு. "சரி, படிச்சிட்டீங்க" என்று இரக்கப்பட்டு ஓர் எழுத்தைக் கூட்டிப் போடவே முடியாது. சின்ன வயதிலிருந்தே அவள் அப்படித்தானே, கேரம் ஆட்டத்தில் உன்னையே விடமாட்டாள். ஆனால் அதற்கெல்லாம் அடிப்படை ரெஃப்ராக்‌ஷன். இரண்டு வருஷம் ஒழுங்காகச் செய்த பிறகு போகட்டும்.

என் வாக்கு ஆஸ்பத்திரிக்கு, பிரிவு மாற்றி உட்கார வைப்போம் என்று எழுத்தில் கொடுத்தால் மட்டும். கொடுக்காவிட்டால், அந்தக் கடையில் அறையும் கருவியும் சரியாக இருந்தால், கடையே மேல். இரண்டு இடத்தின் ஒப்பந்தத்தையும் படம் எடுத்து எனக்கு அனுப்பச் சொல். ராத்திரி ஒன்பதுக்கு மேல் எப்போது வேண்டுமானாலும் கூப்பிடலாம். நீ பக்கத்தில் உட்கார்ந்து எடுத்துக் கொடுக்காதே, அவளே பேசட்டும்.

அன்புடன்,
சாரதா