வாட்ச் ரிப்பேருக்கும் ‘பழுதுபார்க்கும் உரிமை’ப் பட்டியலில் இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போலி வாட்ச்களைப் பற்றிச் சென்ற வாரம் நீங்கள் வெளியிட்ட கட்டுரையைக் கடைக்கு வந்த ஒருவர் கொண்டுவந்து காட்டினார். திருவல்லிக்கேணியில் 31 வருடமாக வாட்ச் ரிப்பேர் பார்க்கிறேன். என் மாமா உட்கார்ந்து வேலை செய்த அதே மேஜை. கட்டுரையில் இருந்த ஒரு தவறைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன், எழுத எழுத, ஒரிஜினல் வாட்சுக்கு உதிரிப் பாகம் கிடைக்காத விஷயமும் சேர்ந்துகொண்டது.

வினாடி முள் டக் டக்கென்று குதித்தால் டூப்ளிகேட், வழுக்கிக்கொண்டு போனால் ஒரிஜினல் என்று எழுதியிருக்கிறீர்கள். பேட்டரியில் ஓடும் மலிவான காப்பியைத்தான் அப்படிப் பிடிக்கலாம். ‘ஃபர்ஸ்ட் காப்பி’ என்று கூடுதல் விலைக்கு விற்கிறார்களே, அதற்குள் பேட்டரி இல்லாமல், கை அசைவிலேயே சாவி ஏறும் ஆட்டோமேட்டிக் மெஷின் இருக்கும். அது மணிக்கு 28,800 முறை அடிக்கும், வினாடிக்கு 8 முறை. ரோலெக்ஸின் 3135 மெஷினும் அதே 28,800தான். இரண்டிலும் முள் ஒரே மாதிரிதான் நகரும். பின்மூடியைத் திறந்து கண்ணில் மாட்டும் பூதக்கண்ணாடியான ஐகிளாஸ் வைத்துப் பார்க்காமல் நானே வாய் திறக்க மாட்டேன்.

திறந்தால் பல நேரம் எட்டா 2824 என்ற சுவிஸ் மெஷினின் சீன நகல் இருக்கும். அந்த மெஷினுக்குக் காப்புரிமைக் காலம் முடிந்துவிட்டது, அதனால் அதைச் செய்வது குற்றமில்லை. டயலில் அடுத்தவர் பெயரைப் போட்டு விற்பதுதான் குற்றம். 1999-ஆம் ஆண்டு வணிகச் சின்னச் சட்டப்படி விற்பவருக்கு 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை. சரி, ரிப்பேருக்கு வருவோம். இந்த மெஷினில் ஒரு சக்கரம் போனால் இன்னொன்றிலிருந்து எடுத்துப் போடலாம், இல்லாவிட்டால் முழு மெஷினையே மாற்றிவிடலாம். ரோலெக்ஸ் மெஷினையே பார்த்துச் செய்த நகல் வந்தால்தான் திண்டாட்டம், அதன் பாகத்தை எங்கே போய்த் தேடுவது? அப்புறம் தண்ணீர். டயலில் 300 மீட்டர் என்று போட்டிருக்கும், உள்ளே ரப்பர் வளையம் சரியாக உட்கார்ந்திருக்காது. நம் ஊர் வியர்வைக்கும் கடல் காற்றுக்கும் ஒரே கோடையில் சாவித் தண்டு துருப்பிடித்து வந்துவிடும்.

டூப்ளிகேட் என்று தெரிந்தே கட்டுகிறவர்கள் கொண்டுவந்தால் சரிசெய்து கொடுப்பேன். தெரியாமல் வைத்திருப்பவர்களை நினைத்தால்தான் எனக்கு மனசு கனக்கும். போன ஐப்பசியில், மழை விடாமல் பெய்த ஒரு நாள், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் வாட்சை அவிழ்த்து மேஜையில் வைத்தார். கண்ணாடிக்கு உள்ளே ஆவி படிந்திருந்தது. “என் பையன் முதல் சம்பளத்துல வாங்கிக் கொடுத்தது தம்பி, பார்த்துத் திற” என்றார். திறந்தேன். மெஷினில் எழுத்துகள் மேலாகக் கீறினாற்போல் இருந்தன, சக்கரங்களின் ஓரமெல்லாம் சொரசொரப்பு. டூப்ளிகேட்தான். பையன் ஏமாந்தானோ, தெரிந்தே வாங்கினானோ. இன்று நான் சொல்லாவிட்டால், நாளைக்கு அவர் அதை விற்கப் போகும்போது வேறு கடையில் நாலு பேர் முன்னால் சொல்வார்கள். ஆள் இல்லாத நேரம் பார்த்து மெதுவாகச் சொன்னேன். ரொம்ப நேரம் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். “ஓடுமா?” என்று கேட்டார். ஓடும் என்றேன். “அப்ப ஓட வெச்சுடு. அவனுக்குத் தெரிய வேண்டாம்” என்றார்.

ஒரு வாரத்தில் அந்த வாட்ச் ஓடியது. அதே வாரம் வந்த ஒரிஜினல் இன்றுவரை ஓடவில்லை.

அதைக் கொண்டுவந்தவர் மயிலாப்பூரிலிருந்து வந்த ஓர் அம்மா. மறைந்த கணவர் கட்டியிருந்த சுவிஸ் வாட்ச், எல்லாமே அசல். கீழே விழுந்ததில் வாட்சைச் சீராக ஓட வைக்கும் பேலன்ஸ் வீலின் நடு ஊசி முறிந்திருந்தது. பாகம் மட்டும் இருந்தால் எனக்கு அரை நாள் வேலை. ஆனால் கம்பெனி தன் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டருக்கு மட்டும்தான் பாகம் தரும். அங்கே போனால் முழு சர்வீஸ் செய்தாக வேண்டும், மங்கிய டயலையும் முள்ளையும் மாற்றியாக வேண்டும் என்றார்களாம். “அவர் பார்த்த டயல் அது” என்று சொல்லி அம்மா திரும்பி வந்துவிட்டார். சீனப் பாகம் ஒன்றைப் போட்டு என்னால் ஓட்டிவிட முடியும். பிறகு, அதை எடுத்துப் போடாமல் கம்பெனி அந்த வாட்சைத் தொடாது. அசல் வாட்சுக்குள் டூப்ளிகேட்டைப் புகுத்தியவன் என்ற பெயர் எனக்கு வேண்டாம்.

இது நம் ஊரில் மட்டும் இல்லை. ஒமேகா, லாஞ்சின், டிஸ்ஸோ எல்லாவற்றையும் வைத்திருக்கும் ஸ்வாட்ச் குழுமம் 2015 முடிவோடு மொத்த வியாபாரிகளுக்கு உதிரிப் பாகம் தருவதை நிறுத்தியது. ஐரோப்பிய ரிப்பேர்காரர்கள் கம்பெனிகளின் இந்தப் போக்கை எதிர்த்து வருடக்கணக்கில் வழக்காடியும் 2017-ல் தீர்ப்பு அவர்களுக்குச் சாதகமாக வரவில்லை.

அரசுக் கம்பெனியான எச்.எம்.டி.யைப் பாருங்கள். 1961-ல் ஜப்பானின் சிட்டிசனோடு சேர்ந்து பெங்களூரில் வாட்ச் செய்யத் தொடங்கியது. 2016-ல் வாட்ச் கம்பெனியை மூட மத்திய அரசே முடிவெடுத்துவிட்டது. ஆனாலும் இன்றைக்கு யாராவது தாத்தாவின் எச்.எம்.டி. ஜனதா வாட்சைக் கொண்டுவந்தால் அன்று மாலையே கையில் கட்டி அனுப்புவேன். தேய்மானத்தைக் குறைக்க 17 கல் பதித்த மெஷின், பாகங்கள் என் டப்பாவிலேயே இருக்கின்றன. பாகத்தைப் பூட்டி வைக்காமல் ஊர் ஊராக விற்றார்கள், அதனால்தான். (ஆன்லைனில் பளபள டயலோடு வரும் பழைய எச்.எம்.டி.யை மட்டும் நம்பி வாங்காதீர்கள், புதிதாகப் பெயின்ட் அடித்தவை அதில் நிறைய.)

வாங்கிய பொருளை நமக்குப் பிடித்த இடத்தில் சரிசெய்துகொள்ளும் ‘பழுதுபார்க்கும் உரிமை’க்காக மத்திய நுகர்வோர் துறை 2022-ல் ஒரு குழு அமைத்து, அந்த டிசம்பரிலேயே இணையதளமும் திறந்தது. விவசாயக் கருவிகள், செல்போன், வீட்டு உபயோகப் பொருள்கள், வாகனங்கள் என்று நான்கு துறைகளைச் சொன்னார்கள். கைக்கடிகாரம் என்று தனியாக ஒரு வரி கிடையாது. அதைச் சேர்க்க வேண்டும், உங்கள் பத்திரிகை இதை எழுத வேண்டும். எங்களுக்குத் தேர்வு வைக்கட்டும், கருவிகளை வந்து சோதிக்கட்டும், உடைந்த பாகத்தைத் திருப்பிக் கொடுத்தால்தான் புதுப் பாகம் என்றாலும் சரி, கொடுக்கிறோம். காசு கொடுத்து வாங்கத் தயாராக இருக்கிறவனுக்குப் பாகம் கிடைக்க வேண்டும், அவ்வளவுதான் கேட்கிறேன்.

அந்த அம்மா மாதம் ஒரு முறை போன் செய்கிறார். வாட்சைத் துணியில் சுற்றி இழுப்பறையில் வைத்திருக்கிறேன்.

இந்தக் கடிதத்தை வெளியிட்டால் என் பெயரைப் போட வேண்டாம். ஐப்பசியில் வந்தவரைப் பற்றிய விவரங்களையும் அடையாளம் தெரியாதபடி கொஞ்சம் மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். அவருடைய மகனும் உங்கள் வாசகராக இருக்கலாம்.

இப்படிக்கு,
ஒரு வாட்ச் ரிப்பேர்காரர்,
திருவல்லிக்கேணி, சென்னை.