தத்தெடுத்த நாய் ஏன் ஓடிப்போகிறது?

ஆசிரியருக்கு,

காப்பகத்திலிருந்து நாய், பூனை தத்தெடுப்பது பற்றிய உங்கள் கட்டுரை, பிராணி வீட்டு வாசலுக்கு வந்ததோடு முடிந்துவிட்டது. பாடே அங்குதான் ஆரம்பம். தெருநாயைத் தத்தெடுப்பவர், அது மறுபடி தெருவுக்குப் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்ட் 22-இல் சொல்லியிருக்கிறது. பெரும்பாலும் யாரும் விரட்டிவிடுவதில்லை; முதல் வாரத்தில் கேட் திறந்த நொடியில் அதுவே ஓடிவிடுகிறது.

கழுத்து பெல்ட் மட்டும் போதாது. நாட்டு நாய்க்குக் கூம்பு முகம். பயந்து பின்னால் இழுத்தால் பெல்ட் காதைத் தாண்டி உருவிக்கொண்டு வந்துவிடும். இரண்டு விரல் நுழையும் அளவுக்கு பெல்ட்டை இறுக்கி, நெஞ்சைச் சுற்றி ஹார்னெஸ் என்னும் உடல் பட்டையும் மாட்டி, இரண்டுக்கும் தனித்தனிக் கயிறு போடுங்கள். ஆட்டோவிலிருந்து இறக்கும்போது இன்னும் கவனம். செல்பேசி எண் பொறித்த வில்லையை அன்றைக்கே மாட்டிவிட வேண்டும்.

காதில் 'வி' வடிவ வெட்டு இருந்தால் கருத்தடை முடிந்தது என்று அர்த்தம். அதைப் புண் என்று நினைத்து மஞ்சள் பூசுகிறவர்கள் உண்டு! இந்த ஆண்டு வெறிநோய்த் தடுப்பூசி போட்டாயிற்றா என்பதைக் காது சொல்லாது, அட்டையைக் கேட்டு வாங்குங்கள்.

நாய்க்குட்டி என்றால் பயம் பார்வோ என்ற வைரஸ் நோய்தான். கிருமி புகுந்து 3 முதல் 7 நாள் கழித்தே வாந்தியும் ரத்தக் கழிச்சலும் தெரியும். பழி சாப்பாட்டின் மேல் விழும். தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி தடுப்பூசியை முறித்துவிடும் என்பதால் ஒரே ஊசி போதாது. 6-8 வாரத்தில் தொடங்கி, 3-4 வாரத்துக்கு ஒன்றாக 16 வாரம் வரை போட வேண்டும். அதுவரை தெருவில் நடத்தாதீர்கள். பார்வோவுக்கு ஃபினைல் உதவாது. தரையை முதலில் கழுவிவிட்டு, ஒரு பங்கு ப்ளீச் திரவத்துக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து ஊற்றி, 10 நிமிடம் ஊறவிடுங்கள்.

பூனை இருக்கும் வீட்டில் ஃபினைலே கூடாது. தரையில் நடந்த பாதத்தை நக்கும், உடம்புக்குள் போகும். நாய்க்கு வாங்கிய பெர்மெத்ரின் உண்ணி மருந்தும் பூனையைக் கொன்றுவிடும். புதுப் பூனையை முதலில் ஓர் அறையில் மட்டும் விடுங்கள். பழைய இடத்தில் அது கழிப்புக்குப் பயன்படுத்திய மணலில் ஒரு கைப்பிடியைப் புது மணல் தட்டில் கலந்தால் சீக்கிரம் பழகிக்கொள்ளும். பீரோவுக்கு அடியில் பதுங்கினால் இழுக்க வேண்டாம். ஆனால் இரண்டு நாள் சாப்பிடாவிட்டால் மருத்துவரிடம் போயாக வேண்டும், பட்டினியில் கல்லீரலில் கொழுப்பு அடைத்துவிடும்.

வெடிச் சத்தத்தில் புது நாய் மிரண்டு ஓடிவிடும்; தீபாவளிக்கு முந்தைய வாரம் தத்தெடுப்பு முகாம் வைப்பவர்கள், தயவுசெய்து ஒரு மாதம் தள்ளி வையுங்கள்.

வாசகர், தாம்பரம்