சுவரில் ஒட்டும் அந்த அட்டையைப் பற்றி

சென்னையில் சமகால ஓவியக் கண்காட்சிகளைத் தொகுத்து நடத்தும் க்யூரேட்டர்களுக்கு,

வணக்கம். இப்போது நடந்துகொண்டிருக்கும் ஒரு கூட்டுக் கண்காட்சியில் என் படமும் இருக்கிறது. எந்தக் கண்காட்சி என்பது சம்பந்தப்பட்டவர்களுக்குத் தெரியும். பெயர் சொல்லிச் சண்டை போட இதை எழுதவில்லை. படத்துக்குப் பக்கத்தில் ஒட்டுகிறீர்களே, அந்த விளக்க அட்டையைப் பற்றி உங்கள் எல்லோரிடமும் ஒன்று கேட்க வேண்டும்.

என் அப்பாவும் அம்மாவும் ஊரில் துணி வெளுத்தவர்கள். அப்பா இப்போது இல்லை. அம்மா மட்டும் இரவு பஸ் பிடித்துக் கண்காட்சி பார்க்க வந்தார். ஆறடி கான்வாஸ், கொடியில் தொங்கும் ஒரு வெள்ளை வேட்டி, அவ்வளவுதான் படம். கிட்டப் போய்ப் பார்த்துவிட்டு, “உங்கப்பா நீலம் போட்ட வேட்டி மாதிரியே இருக்குடி” என்றார். அப்புறம் அட்டையைக் காட்டி, “இதுல என்ன எழுதியிருக்கு?” என்று கேட்டார்.

அம்மா எழுத்துக்கூட்டித் தமிழ் வாசிப்பார். அட்டை முழுக்க ஆங்கிலம். முதல் வரியிலேயே எங்கள் சாதி. அடுத்து ‘தீட்டின் அரசியல்’, ‘விளிம்புநிலை உடல்’, ஒரு பிரெஞ்சுத் தத்துவவாதியின் பெயர். இரண்டு வரிக்கு மேல் எனக்கு வாய் வரவில்லை. “அப்பாவைப் பத்தி எழுதியிருக்காங்கம்மா” என்றேன். அம்மா அந்த அட்டையை விரலால் ஒருமுறை தடவினார். அதில் அப்பாவைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

அப்பாவுக்குத் தெரிந்தது இது: வெள்ளாவியில் வெந்து, அலசி, காய்ந்த வேட்டியிலும் கொஞ்சம் பழுப்பு மிச்சம் இருக்கும். ஒரு துளி நீலம் அதை அமுக்கிவிடும். கூடினால் வேட்டியே நீலம் பாரித்துவிடும். அந்த அளவு அவர் கைக்குத் தெரியும். அதைத்தான் நான் கான்வாஸில் தேடினேன். வெள்ளை பூசி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, அல்ட்ராமரீன் என்ற நீல வண்ணத்தைத் தண்ணீராய்க் கரைத்து ஒற்றி, மறுபடி வெள்ளை. ஒன்பது பூச்சு, நாலு மாதம். அதற்கு அட்டையில் கிடைத்தது ‘கலப்பு ஊடகம்’ என்ற இரண்டு சொல்.

சாதியை நான் மறைக்கவில்லை. அதைப் பேசாமலே பல காலம் ஓடிய கலை விமர்சனம் எங்களைக் கண்டுகொண்டதும் இல்லை. கோட்பாடு வேண்டும்தான். ஆனால் படத்தைப் பார்த்த பிறகு அது வரட்டும். நவீன ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரின் ‘சொற்களும் குறியீடுகளும்’ என்ற ஓவிய வரிசையைப் பற்றி எழுதினால், எழுத்து போலவே இருந்தும் வாசிக்க முடியாத அந்தக் கோடுகளைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறீர்கள். எங்களைப் பற்றி எழுதும்போது மட்டும் பிறப்போடு பேனா நின்றுவிடுகிறது. கோண்டு பழங்குடியில் பிறந்த ஓவியர் ஜங்கர் சிங் ஷியாமின் படங்கள் 1989இல் பாரிஸின் பாம்பிடூ மையம் என்ற நவீனக் கலைக்கூடம் வரை போயின. ‘ஜங்கர் கலம்’ என்று அவர் பெயரிலேயே ஒரு பாணி உண்டானது. ‘பழங்குடி ஓவியர்’ என்ற அடைமொழி மட்டும் இன்றுவரை அவரை விடவில்லை. 1982இல் போபாலின் பாரத் பவன் கலை மையத்தில் ஓவியர் ஜெ. சுவாமிநாதன் பழங்குடி ஓவியங்களையும் நகரத்து நவீன ஓவியங்களையும் ஒரே கூரையின் கீழ் சமமாக வைத்துக் காட்டியும் இந்த நிலைமை.

அடுத்த கண்காட்சிக்கு, மழை விட்ட பிறகு சொட்டும் முருங்கைக் கிளை ஒன்றை வரைந்து அனுப்பினேன். “இதில் உங்கள் சமூகத்தின் குரல் இல்லை” என்று திரும்பி வந்தது. முருங்கைக் கிளையை வரைய நான் யாராகப் பிறந்திருக்க வேண்டும்? விலையும் அந்த அட்டையை வைத்துத்தான் பேசப்படுகிறது. வாங்க வந்தவர் ஒருவர் படத்தின் முன் நின்ற நேரத்தைவிட அட்டை முன் நின்ற நேரம் அதிகம். கூடத்தைப் பெருக்கும் அக்காவும் வாசலில் நிற்கும் காவலாளி அண்ணனும் நாள் முழுக்க இந்தப் படங்களோடு இருக்கிறார்கள். சென்னையில் நடக்கும் கண்காட்சியில் அவர்கள் வாசிக்கத் தமிழில் ஒரு வரி கிடையாது.

கோபத்தில் மரியாதை குறைந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் கேட்பது இதுதான்: அட்டையைத் தமிழிலும் எழுதுங்கள். ஒட்டுவதற்கு முன்னால் வரைந்தவரிடம் ஒருமுறை காட்டுங்கள். என் படத்துக்குத் தமிழில் நாலு வரி எழுதி வைத்திருக்கிறேன். அனுமதித்தால் நானே வந்து ஒட்டிவிடுகிறேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மா மறுபடி வருகிறார். அதற்குள் தயவுசெய்து பதில் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
அந்த வேட்டியை வரைந்தவள்