எந்தப் 'பிரசென்ட்லி'?

ஜெலுத்தோங், பினாங்கு

அன்புள்ள ஐயா,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் பரவாயில்லை. நேரத்துக்குச் சாப்பிடு.

நீ அனுப்பிய செய்தியை அக்கா காட்டினாள். அவளைக் கோபித்துக்கொள்ளாதே. 'பிரசென்ட்லி பிட்வீன் ஜாப்ஸ்', அதாவது ஒரு வேலைக்கும் அடுத்ததற்கும் நடுவில், என்று எழுதியிருந்தாய். என்னவாம் என்று அம்மா கேட்டாள். "கூடிய சீக்கிரம் வேற வேலைக்கு மாறப்போறானாம்" என்றேன். நான் படித்த இங்கிலீஷில் பிரசென்ட்லி என்றால் 'சற்று நேரத்தில்'. 'டாக்டர் வில் சீ யூ பிரசென்ட்லி' என்றால் உட்கார்ந்து காத்திருக்க வேண்டும். அமெரிக்காவில் அது 'இப்போது' என்று அக்காதான் சொன்னாள். அதற்கு மேல் அவள் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

நேற்று அகராதியைப் பார்த்தேன். இரண்டு பொருளும் உண்டு. வினை நிகழ்காலமென்றால் பெரும்பாலும் 'இப்போது', எதிர்காலமென்றால் 'சற்று நேரத்தில்'. இதில் 'இப்போது'தான் மூத்தது, 15ஆம் நூற்றாண்டிலேயே இருந்திருக்கிறது. அப்புறம்தான் 'சீக்கிரம்' என்று நழுவியது. ஸ்காட்லாந்திலும் அமெரிக்காவிலும் பழசு போகவில்லை. 'சூன்' என்ற சொல்கூட ஒரு காலத்தில் 'உடனே'தானாம். நம் ஆட்கள் போனில் 'இதோ வந்துட்டேன்' என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போவதில்லையா, அந்தக் கதைதான்.

கோயிலில் உன்னைப் பற்றி விசாரிக்காதவர்கள் இல்லை. கிராணி (குமாஸ்தா) மகன் சிகாகோவில் என்று அவர்கள் சொல்லும்போது நான் ஒன்றும் தெரியாதவன் போல் வேட்டியைச் சரிசெய்வேன். ஆனால் அந்தச் சிகாகோக்காரனுக்கு மாதம் ஒரு போன் போட நேரமில்லை. சித்தப்பா விஷயத்தில் எல்லாம் முடிந்த பிறகுதான் நமக்குத் தெரிந்தது. உனக்கே தெரியும்.

நேற்று அகராதி பார்த்தேன் என்று மேலே எழுதியது பொய். பள்ளியில் படிவம் 2 படிக்கும்போது 'வி ஆர் பிரசென்ட்லி லிவிங் இன் ஜெலுத்தோங்' என்று கட்டுரை எழுதினாயே, நினைவிருக்கிறதா? டீச்சர் சரி போட்டிருந்ததை நான் சிவப்புப் பேனாவால் அடித்தேன். "டீச்சர் சரின்னுதானப்பா போட்டிருக்காங்க" என்றாய். ஐம்பது தடவை மாற்றி எழுத வைத்தேன். கடைசிப் பக்கத்தில் மை கலங்கியிருந்தது. நீ தூங்கிய பிறகு அகராதியைப் புரட்டினேன். நீ எழுதிய பொருள் அதில் இருந்தது. மூடி அலமாரி மேல் வைத்துவிட்டேன். காலையில் சொல்லலாம் என்றிருந்தேன், சொல்லவில்லை. அதற்குப் பிறகு நீ ஒரு கட்டுரையையும் என்னிடம் காட்டவில்லை. நான்தான் உனக்கு இதைப் பழக்கியிருக்கிறேன் போல.

தைப்பூசத்துக்கு அம்மா தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் பால்குடம் எடுக்கிறாள். யாருக்கு வேண்டிக்கொண்டாள் என்று சொல்லவில்லை. 5,000 ரிங்கிட் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். டிக்கெட்டுக்கோ வேறு எதற்கோ, கணக்குக் கேட்க மாட்டேன். உன் பேங்க் நம்பர் பழையதுதானே?

நேரத்துக்குச் சாப்பிடு. அம்மாவிடம் இன்னும் 'கூடிய சீக்கிரம்' என்றுதான் சொல்லி வைத்திருக்கிறேன்.

அப்பா